ரகசியத்தைக் கடைசிவரை வைத்திருக்கும் கதைசொல்லியை நம்பலாமா? ‘தி திங் அபவுட் ஜெல்லிஃபிஷ்’ நாவல் குறித்து ஒரு கேள்வி

செம்பருத்தி எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக மாதந்தோறும் நடக்கும் வாசிப்பு வட்டத்தை நானும் என் தோழி ஒருவரும் கவனித்துக்கொள்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு அலி பெஞ்சமின் எழுதிய ‘தி திங் அபவுட் ஜெல்லிஃபிஷ்’ நாவலை எடுத்துக்கொள்ளலாம் என்பது தோழியின் விருப்பம். 2015ஆம் ஆண்டில் வெளிவந்து, அதே ஆண்டில் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டுக்கான இளையோர் பிரிவில் இறுதிப் பட்டியல் வரை சென்ற நூல் இது. நான் படித்து முடித்துவிட்டேன். பிடித்தும் இருக்கிறது, உறுத்தவும் செய்கிறது. அந்த உறுத்தலைப் பற்றித்தான் இங்கே கேட்க வந்திருக்கிறேன். கதையின் முடிச்சை அவிழ்த்துப் பேசப்போவதால், இன்னும் படிக்காதவர்கள் இந்த இழையைப் பிறகு திறந்துகொள்வது நல்லது.

படித்து நாளாகிவிட்டவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏழாம் வகுப்புக்குச் செல்லும் 12 வயதுச் சூசிக்கு, ஐந்து வயதிலிருந்து உயிர்த்தோழியாக இருந்த ஃபிரானி, கோடை விடுமுறையில் மேரிலாந்துக் கடலில் மூழ்கி இறந்துவிட்டாள் என்ற செய்தி வருகிறது. ஃபிரானி நன்றாக நீந்தத் தெரிந்தவள். “சில நேரங்களில் இப்படி நடந்துவிடுகிறது” என்று சூசியின் தாய் சொல்லும் ஆறுதலைச் சூசியால் ஏற்க முடியவில்லை. அவள் பேசுவதையே நிறுத்திவிடுகிறாள். பள்ளிச் சுற்றுலாவில் மீன் காட்சியகத்துக்குப் போனபோது, இருகாண்ட்ஜி என்னும் மிகச் சிறிய, கொடிய நஞ்சுள்ள ஜெல்லிமீனைப் பற்றி அறிந்துகொண்டு, அதுதான் ஃபிரானியைக் கொன்றிருக்க வேண்டும் என்று தனக்குள் முடிவுகட்டி, அதை நிரூபிக்கப் புறப்படுகிறாள்.

இவ்வளவும் வெளியே தெரியும் கதை. உள்ளே இன்னொன்று இருக்கிறது. ஃபிரானி இறப்பதற்கு முன்பே இருவரின் நட்பும் முறிந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் ஃபிரானி வேறு பெண்களோடு சேர்ந்துகொண்டு சூசியை ஒதுக்கத் தொடங்குகிறாள். அதற்குப் பதிலாகச் சூசி செய்தது என்னவென்றால், தன் சிறுநீரைச் சேர்த்து உறைய வைத்து, பள்ளி ஆண்டின் கடைசி நாளில் ஃபிரானியின் லாக்கருக்குள் வைத்துவிட்டாள். அதன் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. விடுமுறை வந்தது, ஃபிரானி இறந்தாள். காய் விட்டவள் பழம் விட வாய்ப்பில்லாமலே போய்விட்டது.

என் கேள்வி இதுதான். கதையைச் சொல்பவள் சூசியேதான். தான் செய்தது என்ன என்பது முதல் பக்கத்திலேயே அவளுக்குத் தெரியும். நமக்கு மட்டும் அது நாவலின் பெரும்பகுதி கடந்த பிறகே தெரியவருகிறது. அதுவரை நாம் அவளைத் தோழியை இழந்து தவிக்கும் குழந்தையாக மட்டுமே பார்த்து, ஒதுக்கிய பெண்களின் மேல் கோபப்பட்டு, முழுமனதோடு அவள் பக்கம் நிற்கிறோம். நம் இரக்கத்தை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொண்டு, பிறகு உண்மையைக் கையில் திணிப்பது வாசகரை ஏமாற்றுவதாகாதா? துப்பறியும் கதையில் இது முறை; விரும்பித்தான் ஏமாறுகிறோம். துக்கத்தைப் பற்றிய கதையில், அதுவும் பிள்ளைகள் படிக்கும் கதையில், இந்த உத்தி நேர்மையானதா? கூட்டத்தில் ஒரு பிள்ளை எழுந்து இதைக் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெளிவில்லை.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

செம்பருத்தி அவர்களுக்கு வணக்கம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சூசி மறைக்கிறாள் என்று சொல்வதற்கு முன், அவள் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த நாவலில் இரண்டு இழைகள் மாறி மாறி வருகின்றன. ஏழாம் வகுப்பில் இப்போது நடப்பவற்றைச் சூசி பொதுவாக, நம்மிடம் சொல்வதுபோலச் சொல்கிறாள். கடந்த காலத்தைச் சொல்லும் பகுதிகளிலோ அவள் நம்மைப் பார்ப்பதேயில்லை. அங்கே அவள் பேசுவது ‘உன்னிடம்’, அதாவது ஃபிரானியிடம். நீச்சல் குளத்தில் முதன்முதலாக உன்னைப் பார்க்கிறேன் என்று தொடங்கி, வயது வயதாக, வகுப்பு வகுப்பாக அந்த நட்பு வளர்ந்ததையும் தேய்ந்ததையும் இறந்துபோனவளுக்கே திருப்பிச் சொல்கிறாள். வெளியுலகத்திடம் வாய் திறக்காத பெண் உள்ளுக்குள் இடைவிடாமல் ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பதே இந்த நூலின் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அப்படிப் பார்த்தால் லாக்கர் நிகழ்ச்சி தாமதமாக வருவதற்கு எளிய காரணம் இருக்கிறது. ஐந்து வயதிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருபவள் கடைசி நாளைக் கடைசியில்தான் சொல்ல முடியும். சீட்டை மேசைக்கடியில் ஒளித்துவைப்பது வேறு, நடக்க அஞ்சும் வீதிக்குள் முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு வாசலாக நின்று நின்று போவது வேறு. சூசி செய்வது இரண்டாவது.

மேலும் அந்த ரகசியத்தின் பொருள்கள் அனைத்தும் முன்பே நம் கண்முன் வைக்கப்பட்டுவிடுகின்றன. மதிய உணவு மேசைக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஃபிரானியின் புதிய தோழிகள் எதையோ பேசிக்கொண்டிருக்க, அவர்களோடு எப்படிச் சேர்ந்துகொள்வது என்று தெரியாத சூசி, தனக்குத் தெரிந்த ஒரே வழியில், சிறுநீரைப் பற்றிய அறிவியல் தகவல்களை ஆர்வத்தோடு அடுக்கத் தொடங்குகிறாள். மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நாம் அதைச் சிரிப்பும் சங்கடமும் கலந்து படித்துக் கடந்துவிடுகிறோம். இதற்கும் முன்பே, மற்றவர்களை மட்டம் தட்டும் பெண்களைப் பார்த்துவிட்டு, நானும் அப்படி ஆகிவிட்டால் எனக்கு ஒரு சைகை காட்டு, அது பெரியதாக இருக்கட்டும் என்ற பொருளில் ஃபிரானி சூசியிடம் கேட்டிருக்கிறாள். இந்த இரண்டையும் சேர்த்தால் லாக்கர் நிகழ்ச்சி கிடைத்துவிடுகிறது. சூசியின் மனத்தில் அது பழிவாங்கல் மட்டுமன்று, கொடுத்த வாக்கும்கூட. தோழி கேட்ட சைகையைத் தோழிக்கே புரியாத மொழியில் அனுப்பிவிட்டாள். இரண்டாம் முறை படிக்கும்போது அந்த உணவு மேசையில் சிரிப்பு வருவதில்லை.

---

கடலோடி எழுதியது:

நான் இலக்கியம் படித்தவனல்லன், கடல் உயிரியல் படித்தவன். என் மகள் படித்துவிட்டுக் கொடுத்ததால் இந்த நாவலைப் படித்தேன். ஜெல்லிமீன் பகுதியில் ஏதேனும் தவறு இருந்தால் பிடித்துவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது. பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதோடு, அறிவியல் சரியாக இருப்பதால்தான் செம்பருத்தி அவர்கள் கேட்கும் ரகசியம் இவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

இருகாண்ட்ஜி என்பது ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், கெய்ன்ஸ் நகரை ஒட்டிய கரையில் வாழ்ந்த பழங்குடியினரின் பெயர். அப்பகுதியில் குளித்தவர்களுக்கு ஏற்பட்ட விளங்காத நோய்க்கு ஹியூகோ ஃபிளெக்கர் என்னும் மருத்துவர் 1952இல் அந்தப் பெயரைச் சூட்டினார். நீரில் இருக்கும்போது சிறு சுரீரென்ற உணர்வு மட்டுமே இருக்கும். பலருக்கு அதுவும் நினைவிருக்காது. அரை மணி நேரம் கழித்து முதுகிலும் இடுப்பிலும் தாங்க முடியாத வலி, வியர்வை, வாந்தி, ஏறிக்கொண்டே போகும் இரத்த அழுத்தம், இவற்றோடு ‘நான் சாகப்போகிறேன்’ என்ற உறுதியான அச்சம் வரும். அந்த அச்சமே நோயின் அறிகுறிகளுள் ஒன்றாக மருத்துவ நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது.

இதற்கு எந்த உயிரி காரணம் என்பது பல ஆண்டுகள் தெரியாமலிருந்தது. 1961இல் ஜாக் பார்ன்ஸ் என்னும் கெய்ன்ஸ் மருத்துவர், விரல் நகத்தளவே உடல் கொண்ட ஒரு ஜெல்லிமீனைப் பிடித்து, தன்னையும், கடற்கரைக் காவலர் ஒருவரையும், ஒன்பது வயதுத் தன் மகனையும் கொட்டவிட்டுப் பார்த்தார். மூவரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியதாயிற்று. அவருடைய சந்தேகம் உறுதியானது. பிறகு அந்த உயிரினத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள், கருக்கியா பார்னெசி என்று. ஒன்றை நிரூபிக்க வேண்டும் என்ற வெறி ஒரு மனிதரை எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு, சூசி என்னும் கற்பனைப் பெண்ணைவிட இந்த உண்மை மனிதர் பெரிய எடுத்துக்காட்டு.

இப்போது கதைக்கு வருகிறேன். ஃபிரானி இறந்தது மேரிலாந்தில். அந்த மாநிலத்தின் செசபீக் விரிகுடாவில் கோடைதோறும் பெருகும் ஜெல்லிமீன் வேறு வகை. எரிச்சல் தருமே தவிர உயிரைக் குடிக்கும் இனமன்று. ஆனால் இருகாண்ட்ஜி போன்ற நோய்க்குறிகள் ஹவாயிலும் தாய்லாந்திலும் பதிவாகியிருக்கின்றன. கொட்டிய தடம் தோலில் பெரிதாகத் தெரியாது. ஆகவே சூசியின் ஊகம் நடந்திருக்க மிகக் குறைந்த வாய்ப்புள்ளது என்று சொல்லலாம், நடக்கவே முடியாது என்று யாரும் அவளிடம் சொல்ல முடியாது. ஒரு குற்றவாளியைத் தேடும் மனத்துக்கு இதைவிட வசதியான குற்றவாளி கிடைக்குமா? கண்ணுக்குத் தெரியாது, தடயம் விடாது, நடந்திருக்கவே முடியாது என்றும் தள்ளிவிட முடியாது. ஆண்டுக்கு 15 கோடிப் பேரை ஜெல்லிமீன்கள் கொட்டுகின்றன என்ற கணக்கைச் சூசி நொடிக்கணக்காகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பதும் இதனால்தான். எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை லாக்கரைப் பார்க்க வேண்டியதில்லை.

அவள் தேடிப் போக நினைக்கும் ஜேமி சீமோர் உண்மையிலேயே கெய்ன்ஸில் பணியாற்றும், ஜெல்லிமீன் நஞ்சை ஆராயும் அறிஞர். 2013இல், 64ஆம் வயதில், கியூபாவிலிருந்து ஃபுளோரிடா வரை நீந்திய டயானா நையாடும் கதைக்குள் வருகிறார். அதற்கு முந்தைய முயற்சிகளில் அவரைத் தடுத்தவற்றுள் ஜெல்லிமீன்களும் உண்டு என்பதால் அந்த இணைப்பு வலிந்து செய்ததாக இல்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும். சிறுநீர் கிருமியற்றது என்று நெடுங்காலம் சொல்லிவந்தது சரியன்று எனப் பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜெல்லிமீன் கொட்டிய இடத்தில் சிறுநீர் ஊற்றுவதும் பயன் தராது. பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லிவிடுங்கள்.

---

அகல்விளக்கு எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்களின் வாதம் அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. கடந்த காலப் பகுதிகளைத் தோழியிடம் சொல்கிறாள், சரி. ஒவ்வொரு பகுதியையும் எந்த இடத்தில் வெட்டி எந்த இடத்தில் ஒட்டுவது என்பதை முடிவு செய்தவர் சூசியல்லர், ஆசிரியர். ‘நான் செய்த அந்தக் காரியம்’ என்ற சாயலை அவ்வப்போது காட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தாவுவது நம்மைப் பக்கம் திருப்ப வைப்பதற்காகத்தான்.

இதே பொருளைப் பேட்ரிக் நெஸ் எழுதிய ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ நாவலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது 2011இல் வெளிவந்தது. மார்பகப் புற்றுநோயால் 2007இல் இறந்த ஷிவோன் டவுட் விட்டுச்சென்ற கதைக்கருவிலிருந்து எழுதப்பட்டது. அங்கும் நோயுற்ற தாயின் மகனான கானர் ஒரு ரகசியத்தை வைத்திருக்கிறான். அங்கும் ஒரு நட்பு முறிகிறது, ஏனென்றால் தாயின் நோயைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லிவிட்டவள் அவன் தோழி லில்லி. ஆனால் கானரின் ரகசியம் ஒரு செயலன்று, ஓர் எண்ணம். இந்த வேதனை எப்படியாவது முடிந்துவிடட்டும் என்று தாய் உயிரோடிருக்கும்போதே தான் விரும்பிவிட்டதை அவனால் தன்னிடமே ஒப்புக்கொள்ள முடியவில்லை. தனக்கே சொல்ல முடியாததை வாசகரிடம் எப்படிச் சொல்வான்? அந்தத் தாமதத்தில் தந்திரம் இல்லை. சூசிக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது. அவள் செய்ததை அவள் ஒரு நாளும் மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூசிக்குப் புதிய நண்பர்கள் கிடைக்கும் விதம் எனக்குச் சற்று வசதியாகத் தெரிந்தது. ஜஸ்டின் போன்ற பொறுமைசாலியான ஆய்வக இணை எல்லாப் பள்ளிகளிலும் அமைந்துவிடுவதில்லை.

---

மங்கை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுபவள். ஒரு மாணவியின் மறைவுக்குப் பிறகு, துயரத்திலிருக்கும் பிள்ளைகளோடு பேசுவதற்கான பயிற்சியையும் பெற்றுக்கொண்டேன். உத்தி நேர்மையானதா இல்லையா என்ற வாதத்துக்குள் போவதற்கு முன், சூசி எதை மறைக்கிறாள் என்பதைவிட ஏன் மறைக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்க்கலாம்.

கென்னத் டோகா என்னும் அமெரிக்க அறிஞர் 1989ஆம் ஆண்டு நூலில் ஒரு வகைத் துயரத்தை விளக்கினார். இழப்பு உண்மையாக இருக்கும், ஆனால் அதற்காக அழும் உரிமை அந்த மனிதருக்கு இருப்பதாகச் சுற்றியுள்ளவர்கள் ஏற்கமாட்டார்கள். பிரிந்துபோன கணவன் அல்லது மனைவி, வெளியில் சொல்லாத காதல், பிறக்காமலே போன குழந்தை, வளர்ப்புப் பிராணி எனப் பல இழப்புகள் இதில் அடங்கும். முறிந்துபோன நட்பும் இதில் சேரும் என்பது என் அனுபவம். சூசி அந்த இடத்தில் நிற்கிறாள். உயிர்த்தோழி என்று சொல்லிக்கொண்டு அழுதால், நீங்கள்தான் பேசிக்கொள்வதில்லையே என்ற கேள்வி வரும். பேசிக்கொள்வதில்லை என்று ஒப்புக்கொண்டால், ஏன் என்ற கேள்வி வரும். ஏன் என்பதற்கு விடை சொன்னால் லாக்கர் வந்துவிடும். ஆகவே அவள் எந்தக் கேள்வியும் எழ முடியாத ஒரே நிலையை, பேசாமலிருப்பதை, தேர்ந்தெடுக்கிறாள். அவளுடைய மௌனமும் ரகசியமும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள்.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய் நிற்க வேண்டும் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். வரப்புத் தகராறில் பத்து ஆண்டுகள் முகம் பார்க்காத பங்காளிகூடச் சாவு வீட்டு வாசலில் வந்து நிற்பார். அவரை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். பெரியவர்களுக்கு வழக்கம் இப்படி ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. பிள்ளைகளின் நட்புக்கு அப்படி எந்த வாசலும் இல்லை, அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சாலை விபத்தில் இறந்துவிட்டாள். இரங்கல் கூட்டத்தில் அவளுடைய நெருங்கிய தோழிகளை முதல் வரிசையில் நிறுத்தி, மாலை போடச் சொல்லி, தண்ணீர் கொடுத்துத் தேற்றினோம். ஏழாம் வகுப்புவரை அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, பிறகு சண்டையிட்டுப் பிரிந்த இன்னொரு பெண் கடைசி வரிசையில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் ஆசிரியர் அறைக்கு வந்து, ஒரு ஜியாமெட்ரி பாக்ஸை என் மேசைமேல் வைத்தாள். மூடியின் உட்புறத்தில் இறந்தவளின் பெயர் காம்பஸ் முனையால் கீறப்பட்டிருந்தது. சண்டையின்போது கோபத்தில் எடுத்து ஒளித்துவைத்திருந்தாளாம். “இதை யாரிடம் கொடுப்பது, மிஸ்?” என்று மட்டும் கேட்டாள். ஒரு பொட்டு அழுகை இல்லை. அவள் அதுவரை வகுப்பில் நன்றாகத்தான் இருந்தாள் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்லியிருப்பார்கள்.

அகல்விளக்கு அவர்களே, சூசி ஒரு நாளும் மறக்கவில்லை என்பது உண்மை. ஆனால் நினைவில் இருப்பதும் சொல்லும் நிலையில் இருப்பதும் ஒன்றல்ல. அந்தப் பெண்ணும் பெட்டியை மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்திருக்கிறாள். கேத்தரின் பேட்டர்சன் 1977இல் எழுதிய ‘பிரிட்ஜ் டு டெராபிதியா’ நாவலிலும் இதற்கு நெருக்கமான ஒன்று வருகிறது. ஆசிரியையோடு வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போகும் ஜெஸ், தோழி லெஸ்லியையும் அழைத்துப்போகலாமா என்று கேட்காமல் விட்டுவிடுகிறான். கேட்காமல் விட்டதில் அவனுக்கு ஒரு சின்ன மகிழ்ச்சியும் இருக்கிறது. அன்றைக்குத்தான் லெஸ்லி இறந்துபோகிறாள். பேட்டர்சன் அந்த நாவலை எழுதக் காரணம், அவருடைய மகனின் தோழி 1974இல் மின்னல் தாக்கி இறந்தது. ஜெஸ் விட்டது ஒரு வார்த்தை, சூசி செய்தது ஒரு கொடுமை. ஆனால் இரண்டு பிள்ளைகளும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள்: நான் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் அவள் இருந்திருப்பாளோ. பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மிக எளிதாக வந்துவிடும். ஜெல்லிமீன் ஊகத்தை நான் இப்படித்தான் படித்தேன். ஜெல்லிமீன் குற்றவாளி என்று நிரூபணமானால், சூசி அந்தக் கணக்கிலிருந்து விடுபடுவாள்.

---

அகல்விளக்கு எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்ன நிகழ்ச்சியைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. இருந்தாலும் என் ஐயம் முழுதாகத் தீரவில்லை. அந்தப் பெண் உங்களிடம் பெட்டியைக் கொண்டுவந்தபோது யாரையும் வியப்பில் ஆழ்த்தும் நோக்கம் அவளுக்கு இல்லை. நாவலுக்கு அந்த நோக்கமும் இருக்கிறது. சூசியின் மௌனத்தை நம்புகிறேன்; அதைப் பயன்படுத்திக்கொள்ளும் நாவலின் கையைத்தான் அங்கங்கே பார்த்துவிடுகிறேன். இரண்டும் ஒரே நூலில் இருக்கலாம் என்று வைத்துக்கொள்கிறேன்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

அதை மறுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நூல் அறிவியல் ஆய்வறிக்கையின் வடிவில் பிரிக்கப்பட்டிருக்கிறது: நோக்கம், கருதுகோள், பின்னணி, செய்முறை என்று போய், முடிவுரை வரை. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் அறிவியல் ஆசிரியை டர்ட்டன், ஆய்வறிக்கையை எப்படி எழுதுவது என்று மாணவர்களுக்குச் சொன்ன குறிப்பு இருக்கிறது. அந்த வடிவத்தில் ஒரு விதி உண்டு. முடிவை முதலில் எழுதக் கூடாது. கருதுகோள் தவறாகிப்போனால் அதையும் அப்படியே எழுத வேண்டும். பிள்ளைகள் தங்கள் சொந்தப் பள்ளி ஆய்வகக் குறிப்பேட்டிலிருந்து இதைப் புரிந்துகொள்வார்கள் என்பதால், கூட்டத்தில் இங்கிருந்து தொடங்கலாம்.

---

செம்பருத்தி எழுதியது:

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மங்கை ஆசிரியை அவர்களிடம் இன்னும் ஒரு கேள்வி. எங்கள் வட்டத்தில் வரும் பிள்ளைகளுள் ஒருத்தி சென்ற ஆண்டு தன் அத்தை மகளை நோயில் இழந்தவள். இருவரும் எப்படி இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. இந்த நூலை அவளிடம் கொடுக்கலாமா, அந்த மாதம் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? தோழிக்கும் எனக்கும் இதில் ஒத்த கருத்து இல்லை.

---

மங்கை ஆசிரியை எழுதியது:

வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால், அவளுடைய துயரம் மற்றவர்களுக்குச் சங்கடமான ஒன்று என்று நீங்களே அறிவித்ததாகிவிடும். கூட்டத்துக்கு முன்பே அவளைத் தனியாகப் பார்த்து, கதை ஒரு பெண் கடலில் மூழ்கி இறந்ததைப் பற்றியது, தோழிகளுக்குள் இருந்த மனக்கசப்பும் வரும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். படிப்பதா, பாதியில் நிறுத்துவதா, கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். அவள் அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

கூட்டத்தில் ‘உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா’ என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வட்டத்தில் அந்தக் கேள்விக்கு உண்மையான விடை வராது. வந்தாலும் மறுநாள் பள்ளியில் அது பேச்சாகிவிடும். சூசியைப் பற்றிப் பேசினால் போதும். லாக்கரில் வைத்ததை ஃபிரானி எப்படிப் புரிந்துகொண்டிருப்பாள், சூசி என்ன நினைத்து வைத்தாள் என்று பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்துப் பேச வையுங்கள். யாராவது கூட்டம் முடிந்த பிறகும் நாற்காலிகளை அடுக்க உதவுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நின்றால், அவசரமாகக் கதவைப் பூட்டிவிடாதீர்கள்.

---

செம்பருத்தி எழுதியது:

அப்படியே செய்கிறோம், அம்மா. தோழியிடமும் இந்த இழையைக் காட்டிவிட்டேன். நூலை எடுத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. ஒரே ஒரு படிதான் கையில் இருக்கிறது என்பதால், முதல் இரண்டு பகுதிகளைக் கூட்டத்திலேயே உரக்க வாசித்துவிட்டு, மீதியை வரிசை வைத்துச் சுற்றுக்கு விடலாம் என்றிருக்கிறோம். அகல்விளக்கு அவர்களின் ஆட்சேபத்தையும் பிள்ளைகள் முன் வைக்கப்போகிறேன். அவர்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்பதைப் பிறகு இங்கே எழுதுகிறேன்.